கடைசி மூன்று சைபர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் மாடி ஆபீஸில் வேலை பார்த்தேன். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எக்ஸெலில் நீளமான நம்பரைப் போட்டால் 8.90E+12 என்று சுருண்டுகொள்ளும். பக்கத்து மேசைக்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். நான் போய் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றினால் பதின்மூன்று இலக்கமும் பளிச்சென்று வந்துவிடும். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அன்றைக்குப் புது பையர் ஒருவருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, இருநூற்று நாற்பது பெட்டி போகவேண்டும். பெட்டிக்கொரு நம்பரை அவர்களே மெயிலில் அனுப்பியிருந்தார்கள். பதினெட்டு இலக்கம். இரண்டு பெட்டியில் ஒரே நம்பர் இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள். வழக்கம்போல எக்ஸெலில் ஒட்டி, வழக்கம்போல ஃபார்மட்டை மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கீழே அனுப்பினேன். நாலு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பவேண்டும்.

இரண்டு மணிக்கு இன்டர்காம் அடித்தது. பேக்கிங் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியின் கடைசி மூன்று இலக்கத்தை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் சீட்டில் டிக் அடிப்பது எங்கள் கம்பெனி வழக்கம். சொல்வது எப்போதும் அந்த அக்காதான்.

"எம்மா, எல்லாப் பெட்டியும் சைபர் சைபர் சைபர்னே முடியுது. என்னன்னு பாரு."

எனக்குச் சுரீரென்று ஏறியது. வேறு ஏதாவது ஆர்டரின் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியிருப்பீர்கள், கண்ணைத் திறந்து பார்த்து ஒட்டினால் என்ன என்று வள்ளென்று விழுந்தேன். பக்கத்தில் நின்ற மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டே கீழே போனார். திரும்பி வந்து, அந்தம்மாவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்கு அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மறுபடி அடிப்பதற்காக ஷீட்டைத் திறந்தேன். முதல் கட்டத்தைப் பார்த்தேன், கடைசியில் மூன்று சைபர். அடுத்ததிலும் அதே. மெயிலைத் திறந்தால் அங்கே ஒவ்வொரு நம்பரும் வேறு வேறாக முடிந்தது. எக்ஸெல் பதினைந்து இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் இருப்பதையெல்லாம் சைபராக்கிவிடும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வந்த நம்பரெல்லாம் பதின்மூன்றோடு நின்றதால் அதுவரை தப்பித்திருக்கிறேன். முதல் பதினைந்து இலக்கம் பல பெட்டிக்கும் ஒன்றேதான் என்பதால், இருநூற்று நாற்பது பெட்டிக்கு மொத்தமே மூன்று நம்பர் அடித்திருந்தேன்.

ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிப் பார்த்தேன். போன இலக்கம் போனதுதான். எல்லாவற்றையும் அழித்து, காலி வரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, மெயிலிலிருந்து புதிதாக எடுத்து ஒட்டினேன். பதினெட்டும் அப்படியே நின்றது. பிரிண்டர் ஓடும்போது, சத்தமில்லாமல் புது ஸ்டிக்கரைக் கீழே அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "தப்பு என்னுதுங்க சார். அந்தக்கா சரியாத்தானுங்க சொன்னாங்க."

நான் நீட்டிய பழைய ஸ்டிக்கரையும் புதியதையும் அவர் பார்த்தார். "அட உடு கண்ணு. கம்ப்யூட்டர் பண்ணுனதுக்கு நீ என்ன பண்ணுவே. அந்தம்மாவ வரச்சொல்லி மொதல்ல ஒட்டச் சொல்லு."

அவ்வளவுதான். அக்காவை வேலையை விட்டே துரத்திய தப்பு என் பேருக்கு வந்ததும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

கேட்டுக்கு ஓடினேன். வெளியே போக வாட்ச்மேன் எழுதித் தரும் சீட்டுக்காக அக்கா டிபன் பையோடு காத்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் திரும்பி வந்தார். பத்துப் பேர் உட்கார்ந்து பழையதை உரித்துப் புதியதை ஒட்டினோம். அக்கா ஒவ்வொரு பெட்டியாக மூன்று இலக்கம் சொன்னார். ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. கன்டெய்னர் கிளம்பும்போது மணி ஐந்தாகிவிட்டது.

அதன்பிறகுதான் பக்கத்தில் போய், மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேனேசரு வஞ்சு வெரட்டுனது கெடக்கட்டும் தாயி. நீ ஒரு எட்டு எறங்கி வந்து பெட்டியப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மாடிக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் பதினாறு படிதான்.