நன்றிப் பக்கத்தில் வந்த பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டியில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் என் கையில் மைக்கைக் கொடுத்தால், வரலாறு பெண்டாட்டிகளை மறந்துவிட்டது என்று ஆரம்பித்து, வந்தவர்களுக்கு வைத்த டீ ஆறிப்போகிற வரைக்கும் விடமாட்டேன். அரசனுக்குப் பேர் உண்டு, அவன் குதிரைக்கும் பேர் உண்டு, அவன் பின்னால் போய்ச் செத்த படைவீரனின் பெண்டாட்டிக்கு ஒரு பேர் உண்டா என்று கேட்பேன். கூட்டம் கைதட்டும். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டமாட்டார். அவர் இதை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது.

பேச்சு போதாதென்று நாவலும் எழுதினேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிபட்ட பிறகு, புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி கைப்பிள்ளையோடு புதூர்ப் பக்கம் நடந்தே போகிறாள். அதுதான் கதை. முதல் அத்தியாயத்தில் அவளைக் கொட்டுகிற மழையில் கரிசல் காட்டில் தலைதெறிக்க ஓடவிட்டிருந்தேன். எழுதிவிட்டு நானே அழுதேன்.

அழுத கண்ணோடு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் வாசித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் வாக்கப்பட்டு வந்த பெண்களைப் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கயத்தாற்றிலிருந்து வந்தவள் கயத்தாத்துக்காரி, புதூரிலிருந்து வந்த இவள் புதூர்க்காரி. எனக்குப் புதூர் அக்கா. அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மழை பெய்த கரிசலில் எவளாவது ஓடமுடியுமா, பத்து எட்டு வைப்பதற்குள் காலில் அம்மிக்கல் கனத்துக்கு மண் அப்பிக்கொள்ளுமே, குச்சியை வைத்துச் சுரண்டிச் சுரண்டித்தான் போகணும் என்றாள். கம்பும் சோளமும் தின்ற சீமையில் என் நாயகி நெல்லுச்சோறு கட்டிக்கொண்டு போனதற்கு இன்னொரு சிரிப்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்க அவளை வேலிக்கருவை நிழலில் உட்காரவைத்திருந்தேன். அந்தச் சனியன் தன் அம்மா காலத்தில்தான் இந்தப் பக்கமே வந்தது என்று அதையும் பிடுங்கிப் போட்டாள்.

என்ன செய்ய? முழுசும் திருப்பி எழுதினேன். இரண்டு வருசம், அக்கா துணி காயப்போடுகிற நேரம் பார்த்து மதில் ஓரம் நோட்டோடு நின்றேன். அந்த நாவலில் நன்றாக இருக்கிற இடமெல்லாம் அக்கா சொன்னது. வர்ணனை மட்டும் என்னுடையது.

அச்சுக்குப் போகிற அன்று நன்றிப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். முதல் பெயராக அக்கா பெயர்தான் வரவேண்டும், பாதி நாவல் அவளுடையது, அது ஊருக்குத் தெரியணும் என்று முடிவு செய்திருந்தேன். பேனாவைத் திறந்தால் எழுத வரவில்லை. அக்கா பெயர் எனக்குத் தெரியாது. பதினெட்டு வருசமாகப் பக்கத்து வீடு. தூக்கிவாரிப் போட்டது. பின்னட்டைக்கு, 'பெயரற்ற பெண்களின் குரல்' என்று என்னைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தது அன்று காலையில்தான்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, அக்கா வீட்டு அண்ணாச்சியின் பெயரையும் அண்ணாச்சியின் அப்பா பெயரையும் சொன்னார். அதற்கு ஒரு சண்டை போட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, போன தேர்தலுக்கு முன், டீச்சர் என்பதால் தலையில் விழுந்த வேலையாக, எங்கள் தெரு வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்ததே நான்தான். அக்கா பெயருக்கு நேரே என் கையால் டிக் அடித்திருக்கிறேன். கண்ணில் பட்டிருக்கிறது, மண்டையில் ஏறவில்லை. அலமாரியைக் குடைந்து அந்தப் பிரதியைக் கண்டுபிடித்தேன். அச்சில் பளிச்சென்று இருந்தது பெயர். இதற்குத்தான் ஆவணம் வேண்டும் என்பது, ஆய்வு செய்கிறவள் என்றால் சும்மாவா என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி அக்காவுக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றிப் பக்கத்தை மெதுவாக வாசித்தாள். அவள் அழுதால் எப்படித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அக்கா அழவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க மாமியா வச்ச பேருல்லா, டீச்சர்."

விசயம் இதுதான். பெற்றவர்கள் அக்காவுக்கு வைத்த பெயரும் அவள் மாமியார் பெயரும் ஒன்று. தாயின் பெயரைச் சொல்லி மகன் பெண்டாட்டியைக் கூப்பிடலாமா? மாமியார்தான் தன் பெயரையே சொல்லி மருமகளை வைய முடியுமா? கல்யாணமாகி வந்த அன்றே பெயரை மாற்றிவிட்டார்கள். ரேசன் கார்டு, ஓட்டு லிஸ்ட் எல்லாவற்றிலும் அந்தப் புதுப் பெயர்தான். மாமியார் அந்தப் பெயரைச் சொன்னாலே அது வசவுக்குத்தானாம். இன்றைக்கும் அது காதில் விழுந்தால், அடுப்பில் எதைத் தீயவிட்டோம் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுதாம். அந்தப் பெயருக்குத்தான் நான் முன்னூறு பிரதியில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. லிஸ்டில் அப்படித்தான் இருந்தது என்று முணுமுணுத்தேன். அக்கா கோபப்படக்கூட இல்லை.

"உங்க கதையில வாரவ செத்து எம்புட்டோ வருசமாச்சு. அவகிட்ட கேக்க முடியாது, லிஸ்டத்தான் பாக்கணும். நான் சொவத்துக்கு அங்கிட்டுதான டீச்சர் இருந்தேன்?"

பதினெட்டு வருசம் கழித்து அப்போதுதான் கேட்டேன், உங்க பேரு என்னக்கா என்று. சொன்னாள். சொல்லிவிட்டுப் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, பொஸ்தகத்தில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்து ஒவ்வொரு பிரதியிலும் பழைய பெயரை அடித்துவிட்டு என் கையாலேயே திருத்தினேன். விரல் வீங்கிவிட்டது. நல்லா வேணும் எனக்கு.

மறுநாள் காலையில் அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே எட்டி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஈரத்துணியை உதறிக்கொண்டே இருந்தாள். மனசில் வருத்தம் போகவில்லைபோல என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. புதூர் அக்கா என்றேன். உடனே திரும்பினாள்.

"என்னயவா கூப்பிட்டீய? வேற யாரையோன்னுல்லா நெனச்சேன்."

உங்களைத்தான் அக்கா என்றேன். துணியை வாளியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மதில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்க."