உளவாளியும் அம்மான் மடியும்

தொலைக்காட்சியில் நான் செய்திகளைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பது குரும்பலூர் முழுவதும் அறிந்தது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆயினும், மாலை ஏழு மணிக்குத் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட வெளிநாட்டுத் தொடர் ஒன்று வருகிறது. அதன் நாயகன் ஓர் உளவாளி. துப்பாக்கியைத் தொடமாட்டான், எவரையும் அடிக்கமாட்டான். எந்த அறையில் அடைத்தாலும் அங்கே கிடக்கும் நூலையும் சோப்பையும் கரண்டியையும் கொண்டே வெளியேறிவிடுவான். அவனுடைய அறிவியல் சரிதானா என்று சோதிக்கும் பொருட்டே நான் அதைப் பார்த்து வருகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் செய்திக்கு மாற்றிவிடுவேன். இது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையின் தாய்க்கு உடன்பிறந்தவன் இல்லை. ஆகவே குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் அம்மான் உரிமை எனக்கு வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா மகனுக்கும் அந்த உரிமையின் மேல் ஒரு கண். வயதில் என்னைவிட இளையவன்; கேலி பேசுவதில் மூத்தவன்.

பட்டு வேட்டி கட்டிக்கொள்ள, சீர்த்தட்டுகள் வைத்திருந்த அறைக்குள் சென்றேன்.

“அந்தத் தாப்பாளப் போடாதீங்க, மாட்டிக்குமாம். வாட்ச்மேன் சொன்னாரு” என்றாள் மனைவி.

கதவை வெறுமனே சாத்திவிட்டு உடை மாற்றுவது என் வழக்கமன்று. தாழிட்டேன். வேட்டி கட்டி முடித்துத் தாழ்ப்பாளை இழுத்தேன், அது அசையவில்லை.

வெளியே மேளம் தொடங்கியிருந்தது.

“மாமா, நேரம் ஆவுது, வாங்க” என்று தங்கை மகள் கதவைத் தட்டினாள்.

தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதைச் சொன்னேன். உடனே முந்திரித் தோப்புத் தம்பியின் குரல் கேட்டது.

“அண்ணனுக்குத் தோதுப்படலன்னா என் மடி சும்மாதான இருக்கு? பாப்பாவக் கொடுங்க. இல்ல, கதவ ஒடச்சிடலாமா?”

கதவை உடைத்து வெளியே எடுக்கப்பட்ட அம்மான் என்று காலத்துக்கும் பேசுவார்கள். உடைக்கக் கூடாது என்று உள்ளிருந்தபடியே ஆணையிட்டேன்.

ஏழு மணி உளவாளியாக இருந்தால் என்ன செய்வான் என்று எண்ணிப் பார்த்தேன். தட்டுகளில் வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய். மூலையில் குத்துவிளக்குக்கான நல்லெண்ணெய். வெற்றிலையைப் புனலாகச் சுருட்டி எண்ணெயை ஊற்றினேன். பாதி தாழ்ப்பாளுக்குள் இறங்கியது. மீதி என் வேட்டியில் இறங்கியது. பிறகு ஒரு தேங்காயை எடுத்துத் தாழ்ப்பாளின் குமிழைத் தட்டினேன். தேங்காய் உடைந்தது.

“அண்ணன் உள்ளயே பூசையப் போட்டுட்டாரு!”

மண்டபமே சிரித்தது. அடுத்த தேங்காய் உடையவில்லை, தாழ்ப்பாள் நகர்ந்தது.

வெளியே வந்த என்னை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

“நேத்து அவன் ஜெயில்லேர்ந்து தப்பிச்சு வந்த மாதிரியே நிக்கிறீங்க.”

“எவன் அத்தை?” என்றாள் தங்கை மகள்.

“ஏழு மணிக்கு டிவில வருவானே, துப்பாக்கியே தொடாதவன். ஒருநாள் வுடமாட்டாரு உங்க மாமா.”

என் ஆய்வு நோக்கத்தை விளக்க அது ஏற்ற இடமன்று. அமர்ந்தேன், குழந்தையை மடியில் வைத்தார்கள். எண்ணெய் ஊறிய பட்டில் அது வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வந்தது. மேலே இழுத்து வைத்தேன், மீண்டும் இறங்கியது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். சபை பார்த்துக்கொண்டிருந்தது.

“தம்பி, கொஞ்சம் வந்து பிடி” என்றேன்.

அவன் அருகில் வந்து சம்மணமிட்டு, தன் முழங்காலை என் முழங்காலோடு சேர்த்து அணைபோல் வைத்துக் குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டான். ஒரு பெரிய கேலியை எதிர்பார்த்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். அவன் என் காதருகே குனிந்தான்.

“ஏண்ணே, நேத்து எங்க ஊர்ல கரண்டு இல்ல. ஜெயில்லேர்ந்து எப்படி வந்தான்?”

குழந்தை வீறிட்டது, முதல் காது முடிந்தது. ஆசாரி அடுத்த காதுக்கு வருவதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும்.

“முதல்ல ஒரு சோப்பு” என்று தொடங்கினேன்.