மைதானத்தில் போட்ட வீடு

"ஆச்சா?"

தாராவியில் எங்கள் கோலிக்குள் ஒரு நாளில் அதிகமாகப் புழங்கும் சொல் இதுதான். கோலி என்றால் ஒற்றை அறை. சமையல் அதில்தான், தூக்கமும் அதில்தான். ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குத் திட்டு கட்டிய மோரி. பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, குளிப்பது எல்லாம் அந்த மோரியில். குளிக்கிறவர் ஒரு பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் மற்ற எல்லோரும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு எப்போதும் அவசரமாக இருக்கும். "ஆச்சா?" என்று குரல் வந்ததும், "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் காதுக்குள் சோப்பு நுரையோடு நான் வெளியே வந்துவிடுவேன்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அப்படிச் சொல்ல ஆரம்பித்தேன். இருபத்தெட்டு வருஷமாக ஒருநாள் கூட மாற்றிச் சொன்னதில்லை. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவேன். அதே நான் மோரிக்குள் போனால் திருட வந்தவளைப் போல இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருவேன். இதை நினைத்து எனக்கே என்மேல் கோபம் வரும். கோபம் வந்து என்ன செய்ய, மறுநாள் காலையிலும் அதே கதைதான்.

என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். இங்கே பை, பர்ஸ் தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஸ்கேல் வைக்காமல் தோலை வெட்டுவார், கால் இஞ்ச் பிசகாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது இதே பம்பாயில், செம்பூரில், அங்கேயும் ஒற்றை அறைதான். ஊர் என்றால் எனக்குக் கோயில் கொடைக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு ரயிலேறும் இடம், அவ்வளவே. அவருக்கோ பேச்சுக்குப் பேச்சு ஊர்தான். "ஊருக்குப் போயிருவோம்" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். நானும் ரேடியோவில் வரும் விளம்பரத்தைக் கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன்.

போன வருஷம் அந்தப் பேச்சு நிஜமாகிவிட்டது. எங்கள் சந்தில் எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று ஆட்கள் வந்து அளந்தார்கள். கதவுக்கு மேல் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். இடிக்கும்போது எங்களைத் தூரத்தில் பாண்டுப்பில் வைப்பார்களா, விக்ரோலியில் வைப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் எங்கள் சந்தில் எல்லோருக்கும் நன்றாகப் பேச வரும்.

"கோலி தம்பிக்கு இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் ஊரப் பாக்கப் போயிருவோம், டீச்சரே" என்றார் இவர். கோபமோ அன்போ மிஞ்சும்போது என்னை டீச்சரே என்பார். தம்பி என்றது என் கொழுந்தனை. அவரும் அவர் மனைவியும் இரண்டு மகள்களும் எங்களோடு அதே கோலியில்தான் இருக்கிறார்கள். எங்கள் மகன் வேலை கிடைத்துப் புனேக்குப் போனதில் ஒரு பாய் விரிக்கும் இடம் மிச்சமாகியிருந்தது. ஊரில் எங்களுக்கு அஞ்சு சென்ட் மனை காலியாகக் கிடந்தது.

எனக்கு இன்னும் சில வருஷம் வேலை இருக்கிறது. வேண்டுமென்றால் முன்கூட்டியே ஓய்வு வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்க வேண்டும்? என் தோழிகள் இங்கே, என் பள்ளி இங்கே. மாட்டுங்காவுக்குப் போனால் காப்பிப் பொடியிலிருந்து வாழைப்பூ வரை கிடைக்கும். ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் இவருடைய சொந்தக்காரர்கள்தான். அவர்களும் என்னைப் 'பம்பாய்க்காரி' என்பார்கள். எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்ததில், மறுபக்கத்தில் வைக்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"உள்ளேருந்து தாழ்ப்பாள் போடுத மாதிரி ஒரு பாத்ரூம் வேணும். அது இருந்தா வாரேன். இல்லன்னா நீங்க போங்க, நான் இங்கயே கிடந்துக்கிடுதேன்."

"இதென்ன பெரிய விஷயம்? அரமன மாதிரி கட்டுவோம்" என்றார்.

ஊர்க் கொத்தனாரிடம் போனில் பேசினார். கொத்தனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணாச்சி, எத்தனைக்கு எத்தனைன்னு அளவு சொன்னாத்தான கயிறு கட்ட முடியும்?" இவர் சொல்ல ஆரம்பித்து நின்றுவிட்டார். கொத்தனார் கைப்பட ஒரு படம் வரைந்து போனில் அனுப்பினார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "படத்துல பாத்தா ஒரு எழவும் தெரியல. நடந்து பாத்தாத்தான் எனக்கு அளவு பிடிபடும்" என்றார்.

நடந்து பார்க்க தாராவியில் வெற்றிடத்துக்கு எங்கே போவது? என் பள்ளி மைதானத்துக்குத்தான் போக வேண்டும். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்கிற பெயர். ஓட்டப்பந்தயம் வைத்தால் பிள்ளைகள் முடிகிற இடத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இருந்தாலும் எங்கள் கண்ணுக்கு அது பெரிய இடம். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட வாங்கிய சுண்ணாம்புப் பொடியில் அரை மூட்டை மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போனோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "மேடம், இன்னைக்கு என்ன ஸ்போர்ட்ஸ்?" என்று இந்தியில் கேட்டார். இவருக்குத்தான் ஸ்போர்ட்ஸ் என்றேன்.

இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பொடியை ஒரு தகர டப்பாவில் அள்ளிக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். டேப் இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் கடைசில சரிபாக்கத்தான். என் கண்ணளவு போதும்" என்றார். நடந்துகொண்டே கோடு போட்டார். போட்ட இடத்தில் நின்று யோசிக்கக்கூட இல்லை. "வாசல் இங்கன. உள்ள வந்தா ஹால். ரெண்டு பேரு படுக்கலாம், விருந்தாடி வந்தா நாலு பேரு படுக்கலாம். இந்த ஓரத்துல அடுப்பு. டப்பா வைக்க இங்கன ஷெல்ஃப்." எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குள் காலை வைத்தேன்.

அவர் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து சின்னதாக ஒரு சதுரம் போட்டார்.

"அது என்ன?" என்றேன்.

"மோரி" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் பொடி அள்ளப் போய்விட்டார். தான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் வாட்ச்மேன் டீ கிளாஸோடு வந்தார். அவர் கோட்டைத் தாண்டி வரவில்லை, சரியாக வாசல் வழியாக உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். "அரே மேடம், யே தோ கோலி ஹை!" என்றார். இது கோலியேதான் என்கிறார். தன் கோலியும் இதே மாதிரிதான், இங்கேதான் தன் கட்டில் இருக்கிறது என்று ஒரு மூலையைக் காட்டிச் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயோடு திரும்பிப் போய்விட்டார்.

நான் டேப்பை எடுத்தேன். ஒரு முனையை இவர் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் பத்து அடி. இன்னொரு பக்கம் பன்னிரண்டு அடி. கால் இஞ்ச் பிசகவில்லை.

எங்கள் கோலி பத்துக்குப் பன்னிரண்டு. அளந்துவிட்டுப் போனவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த அளவு அதுதான். அஞ்சு சென்ட் மனை, நாலு பக்கமும் திறந்த வெளி, பக்கத்து வீட்டுச் சுவர்கூடக் கிடையாது. அங்கே இந்த மனுஷன் இந்தச் சந்தைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கப் பார்த்தார். ஒரே ஒரு தாழ்ப்பாள் கேட்டேன், அதற்கும் பழைய மோரியையே தூக்கிக் கொடுக்கிறார்.

நான் கத்திவிட்டேன். மைதானம் என்பதை மறந்து, வகுப்பில்கூடக் கத்தாத அளவுக்குக் கத்தினேன். "இருவத்தெட்டு வருஷமா திரைக்குப் பின்னாடி நின்னு குளிச்சிருக்கேன். அரமன கட்டுதேன்னு சொல்லி எனக்கு மோரியா கட்டுதீக? அதுக்கு எதுக்கு ஆயிரம் மைல் போவணும்?"

அவர் சுண்ணாம்புக் கையோடு தான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. என் கோபத்துக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. "சத்தியமாத் தெரியல, டீச்சரே. கை அதுவாப் போச்சு" என்றார். பிறகு டப்பாவை என்னிடம் நீட்டினார். "எனக்குத்தான் வரல. நீ போடு. உனக்கு எப்படி வேணுமோ அப்படிப் போடு."

வாங்கினேன். இவர் வீட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். வருஷா வருஷம் நூறு மீட்டருக்குக் கோடு போட்ட கை இது, எனக்கென்ன கஷ்டம் என்று வீறாப்பாக ஆரம்பித்தேன். மோரி என்ற பேச்சே கிடையாது. ஒரு ஹால், தனியாக ஒரு படுக்கையறை, தனியாகச் சமையலறை. கடைசியில், எனக்கென்று ஒரு குளியலறை. எவ்வளவு தாராளமாக நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். போட்டுக்கொண்டே போகும்போது இவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குவது என்றுகூட ஒரு கவலை வந்தது.

அவர் டேப்பை விரித்தார். முழு வீட்டின் ஒரு பக்கம் பத்தரை அடி. நான் நம்பவில்லை, டேப்பைப் பிடுங்கி நானே அளந்தேன். பத்தரையேதான். இன்னொரு பக்கம் பன்னிரண்டு. அந்தப் பத்தரைக்குள் நான் மூன்று அறைகளையும் ஒரு குளியலறையையும் வைத்திருந்தேன்.

அவர் மெதுவாக, "பாத்ரூமுக்குள்ள நின்னு பாரு" என்றார்.

நின்றேன். தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டுமே, கதவு இங்கே வரும் என்று கையால் காட்டினேன். கதவை உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி கையை வளைத்தேன். கை என் வயிற்றில் வந்து இடித்தது. நானும் கதவும் சேர்ந்து உள்ளே இருக்க இடமில்லை. மூன்று அடிக்கு மூன்று அடி, எங்கள் மோரியின் அளவு.

இத்தனை வருஷமும் அந்த அறையை வெறுத்துக்கொண்டு அதற்குள் இருந்ததாக நினைத்திருந்தேன். அது எனக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. யாரைத் திட்டுவது? இவரைத் திட்டினேனே, அந்த வெட்கம் வேறு. அந்தக் குளியலறைக் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கோட்டுக்கு வெளியே அவர் உட்கார்ந்தார். இரண்டு கிழங்கள் சில்லுக்கோடு ஆடிச் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி இருந்திருக்கும் பார்க்கிறவர்களுக்கு.

கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே அவர், "அங்க போனா நம்மளுக்கு இருக்கத் தெரியுமா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருவோம் என்று இத்தனை வருஷம் சொன்ன மனுஷன் முதல் தடவையாக இப்படிக் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கேயே இருந்தால் அது ஒருநாளும் தெரியப்போவதில்லை, போக வேண்டும் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. அவர் போனை வாங்கி நானே கொத்தனாரைக் கூப்பிட்டேன். "எங்களுக்கு அளவு சொல்லத் தெரியல. நீங்க உங்களுக்குக் கட்டினா எப்படிக் கட்டுவீகளோ அப்படிக் கட்டுங்க. இவுக போன்ல ஏதாவது அளவு சொன்னா அத ரெட்டிப்பாக்கிப் போடுங்க. நான் சொன்னாலும் அப்படித்தான்" என்றேன். கொத்தனார் சிரித்தார். பம்பாயிலிருந்து வீடு கட்டச் சொன்ன ஒருவரும் இப்படிச் சொன்னதில்லையாம், எல்லோரும் அளவைக் குறைத்துக்கொண்டேதான் வருவார்களாம். குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அதுவும் உங்கள் இஷ்டம், தாழ்ப்பாள் மட்டும் உள்ளே இருக்க வேண்டும் என்றேன்.

கோலிக்குத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பு. கொழுந்தன் மனைவி என்னைப் பார்த்து அலறினாள். இவர் தம்பியை வாசலில் நிறுத்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு மோரிக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டேன். முதல் சொம்பை ஊற்றினேன். வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. இரண்டாவது சொம்பு ஊற்றினேன்.

"அக்கா, ஆச்சா?" என்றாள் கொழுந்தன் மனைவி. அரிசி களைய வேண்டும் அவளுக்கு.

வாய் ஆச்சு என்று சொல்லத் திறந்துவிட்டது. முடியின் வேரில் இன்னும் சுண்ணாம்பு நறநறத்தது.

"ஆகல" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. பிள்ளைகள் போனைக்கூட அணைத்துவிட்டார்கள் போலிருந்தது. பிறகு அவள், "சரிக்கா" என்றாள். நான் மூன்றாவது சொம்பை மொண்டேன்.