மேடு இல்லாத ஊர்

காலுக்கடியிலிருந்து மண் நழுவிப்போவதை நான் முதன்முதலாக உணர்ந்தது கொழும்புக் கடற்கரையில்தான். அலை திரும்பும்போதெல்லாம் உள்ளங்காலைக் கூசவைத்துக்கொண்டு, யாரோ கீழேயிருந்து விரல்விட்டுத் தோண்டுவதுபோல் ஓடிய அந்த மண், நின்ற இடத்தில் நிற்கவிடவில்லை. ஜவ்வாது மலையில், நேற்றிருந்த பாறை இன்றும் அங்கேயே இருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, தங்கை கனகாவுக்கு ஆறு. அப்பா அமிர்திக்கு மேலே காட்டிலாகாவில் வாச்சர். படவேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன அத்தை, “நாங்க ஊரோட திரும்பி வர்றதுக்குள்ள ஒரு தபா வந்து எங்க அருவியப் பார்த்துட்டுப் போங்க” என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதி, கடைசியில் அந்தப் பெரிய விடுமுறையில் நாங்கள் நால்வரும் ராமேஸ்வரம் வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், மறுபடி ரயில் என்று குலுங்கிக் குலுங்கிக் கொழும்பில் இறங்கினோம். அழைத்துப்போக அத்தையும் மாமாவும் மலையிலிருந்து வந்திருந்தார்கள். “ஜவ்வாது மலக் கரடிங்க கடலப் பார்க்க வந்துட்ச்சிங்க, எல்லாரும் வழிவுடுங்க” என்று ரயிலடியிலேயே கேலியை ஆரம்பித்துவிட்டார் மாமா.

கனகாவின் கை என் பொறுப்பு. கப்பலேறியதிலிருந்து அம்மா பத்து முறையாவது சொல்லியிருப்பாள்: “கைய வுட்டுடாதடி.” நானும் விடவில்லை, இறால் வடைக்காரர் வரும்வரை. கடலோரப் புல்வெளியில் பட்டங்கள் பறக்க, எண்ணெய் சொட்டச் சொட்டத் தாளில் வைத்து அவர் நீட்டிய வடை அவ்வளவு சூடாக இருந்தது. அதைப் பிடிக்க எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. ஊதி ஊதி ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் கனகா இல்லை.

“எங்கடி அவ?” என்ற அம்மாவின் குரலுக்கு வாயில் வடையோடு நான் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. அப்புறம் எல்லோரும் ஒரே திசையில்தான் ஓடினார்கள், கடலுக்கு. நீச்சல் தெரியாத அப்பா வேட்டியோடு தொடைவரை தண்ணீரில் இறங்கி, அலை முகத்தில் அறைய அறைய, “கனகா, கனகா” என்று கத்தினார். வடைக்காரரும் பட்டம் விட்டவர்களும் கூட ஓடிவந்து, புரியாத மொழியில் எங்களைத் தேற்றியபடி நுரையையே வெறித்தார்கள். மாமாவின் கேலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நான் அழவில்லை, அழுவதற்குக்கூட உரிமை இல்லாதவள்போல், தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் அந்த வடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

“அவ தண்ணிக்குப் போயிருக்க மாட்டா” என்றாள். “அண்ணி, இந்த ஊர்ல மேடு எங்க இருக்குது?”

“இன்னா பேச்சு பேசற நீ? மேடாவது பள்ளமாவது!” என்று அத்தை அழுதாள்.

ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மலையில் நடக்கக் கற்ற பிள்ளைக்கெல்லாம் சொல்லிவைப்பது ஒன்றுண்டு: “வழி தப்புனா எறங்கித் தேடாத, மேல ஏறி நின்னுக்கோ, நாங்க பார்த்துக்கறோம்.” இறங்கினால் புதர் மறைக்கும், ஓடை திசை மாற்றும், பாறை ஏறி நின்ற பிள்ளையை நாலு கொல்லைக்கு அப்பாலிருந்தும் பார்த்துவிடலாம். அதனால் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவர்கள் எங்கள் ஊரில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். இங்கேயோ கண்ணுக்கெட்டியவரை புல், மணல், நீர். உள்ளங்கைபோல் விரிந்துகிடந்த ஊர். சாலையோரத்தில் நின்றிருந்த சிவப்பு மாடிப் பேருந்து ஒன்றைத் தவிர, ஒரு பிள்ளை ஏறி நிற்கக்கூடிய உயரமென்று சொல்ல எதுவுமில்லை.

அதன் மாடியில், முன் ஜன்னலில், பச்சைப் பாவாடைக்காரி ஒருத்தி தலை ரிப்பனை அவிழ்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பாதி தூரம் ஓடுவதற்குள் பேருந்து உறுமத் தொடங்கிவிட்டது. மாமா குறுக்கே பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து, சிங்களத்தில் ஏதோ கத்தினார். கண்டக்டர் இறக்கிவிட்ட கனகாவின் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. “எத்தினி நேரம் கையாட்றது? ஒருத்தராவது மேல பார்த்தீங்களா? எல்லாம் கீழயே பார்த்துகினு இருக்குதுங்க!”

நனைந்த வேட்டியோடு சாலையிலேயே உட்கார்ந்து அப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அம்மா கனகாவைத் தூக்கிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதுதான் என்னை அரித்தது. இரவும் சொல்லவில்லை, மறுநாள் மலை ரயிலில், வளைவுக்கு வளைவு தேயிலைப் பச்சை ஏறி ஏறி வர, சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டியபோதும் சொல்லவில்லை. திட்டு விழாத குற்றம் வயிற்றில் கல்லைப்போல் கிடந்தது. அதற்கு மறுநாள் அத்தை எங்களை அருவிக்குக் கூட்டிப்போனாள். கடல் கடந்து பார்க்க வந்த பேர்பெற்ற அருவி அது: எதிர்மலையில் அகலமாக, பல இழைகளாக, யாரோ வெள்ளை நூலை உதறி உதறிக் காயப்போடுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் வாய்பிளந்து நிற்க, “இங்க வாடி” என்றாள் அம்மா. போனேன். முதுகில் பளாரென்று ஒன்று, இன்னொன்று. “வட பெருசா பூட்சா ஒனக்கு? கூடப் பொறந்தவள வுட்டுட்டு வட துன்றியா? அவ இல்லாம வூட்டுக்குப் போய் நானு இன்னாடி பண்றது?” பிறகு என்னை இழுத்து இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

“ரெண்டு நாளா இத்தத்தான் சேத்து வச்சிகினு இருந்தியா?” என்றார் அப்பா.

முதுகு எரிந்தது. வயிற்றுக் கல் கரைந்தது. அந்த அருவியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் முழுதாக மூச்சு விட்ட இடம் என்று மட்டும் சொல்வேன்.

அந்தக் கப்பல் பிறகு போரில் நின்றுபோனது. அத்தை குடும்பத்தோடு திரும்பிவந்து படவேட்டிலேயே கண்மூடினாள். இப்போது அம்மாவும் இல்லை. இன்னொன்றும் போயிருக்கிறது. எத்தனையோ ஆண்டுகள், திருவிழாவோ சந்தையோ, கூட்டத்தைக் கண்டதும் என் வலக்கை தானாகவே எதையோ பற்றிக்கொள்வதுபோல் மூடிக்கொள்ளும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளையும் வளர்ந்த பிறகுகூட. சென்ற மாதம் வேலூர்ப் பேருந்து நிலையத்தில் கனகா என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு, “இரு, வர்றேன்” என்று கூட்டத்துக்குள் நுழைந்தாள். அவள் தலை மறைந்த இடத்தைக்கூட நான் கவனிக்கவில்லை; பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் வலக்கை விரிந்தே கிடக்க, காலாட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.