ஆட்டாதவனுக்கும் டில்ட்

பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, பார்க்கலாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளான் கடைக்காரர் ஒருவர் எனக்கு அதைத்தான் செய்தார். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் சில்க் ஸ்கிரீன் அச்சகம் வைத்திருந்தேன். அச்சகம் என்பது பெரிய வார்த்தை. கடைவீட்டு மாடியில் ஒரு மேஜை, ஒரு காற்றாடி, விரலிடுக்கில் போகாத மை, அவ்வளவுதான். கல்யாணப் பையும் திருவிழா பனியனும் அடித்துக்கொண்டிருந்தவனிடம் அவர், காசு போட்டு இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் மெஷினின் கண்ணாடியைக் கொண்டுவந்தார். ஆடுபவனுக்கு எதிரே, மெஷினின் தலையில் நிற்குமே, அந்தப் படக் கண்ணாடி. பின்னால் பல்புகள் எரியும். குதிரைமேல் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு பெயிண்ட் உரிந்து பாதி முகம்தான் மிச்சம்.

"அப்படியே புதுசா போட்டுக் கொடுங்கண்ணே. மெஷின் மொட்டையா நிக்குது, ஒருத்தனும் காசு போட மாட்டேங்கிறான்."

வாரக்கணக்கில் அதோடு கிடந்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் துணி இழுத்துக் கட்டிய ஒரு மரச்சட்டம். கண்ணாடியின் பின்பக்கத்தில் ஒரு மை காய்ந்த பிறகு அடுத்த மை. கடைசியாக, வெளிச்சத்தை மறைக்கும் கறுப்பு. சூட்சுமமே அந்தக் கறுப்பில்தான். பந்தைத் தப்பவிடாமலிருக்க மெஷினை யாராவது பிடித்து ஆட்டினால் ஆட்டம் போச்சு, பந்து செத்துவிடும், அதற்கென்றே பின்னால் இருக்கும் பல்பில் 'டில்ட்' என்ற எழுத்து எரியும். மற்ற நேரத்தில் அங்கே எழுத்து இருப்பதே தெரியக்கூடாது.

கண்ணாடியைப் போர்வையில் சுற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். மெஷினில் ஏற்கெனவே ஒரு படம் நின்றது! கம்ப்யூட்டரில் அச்சடித்து, வேறு கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்.

"கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே டிஜிட்டல்காரன் எல்லா பல்பையும் எரியவிட்டு போட்டோ பிடிச்சுட்டான். உரிஞ்ச மூஞ்சிய கம்ப்யூட்டர்லயே வரைஞ்சிட்டான். எது அழகோ அத வச்சுக்கலாம்லா."

"என்ன பாஸ், அழகிப் போட்டியா நடத்துறீங்க?" என்று கத்தினேன்.

போட்டியென்றால் நான் தோற்றுவிட்டேன், அதுதான் எரிச்சல். அவனுடைய பெண்ணின் கன்னம் ரோஜா. என்னுடையவளுக்கு மஞ்சள் காமாலை. எனக்குக் குதிரை மட்டும் நன்றாக வந்திருந்தது. குதிரையைப் பார்க்கவா ஆள் வருவான்?

மறுபடி போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த மெஷினில் ஆடிக்கொண்டிருந்த லோரி டிரைவர் ஒருவர் கடைக்காரரிடம் பாய்ந்து வந்தார்.

"அண்ணே, நான் மெஷினத் தொடவே இல்ல! எப்படி டில்ட் போடும்? காசத் திருப்பிக் கொடுங்க!"

"காலையிலேருந்து வர்றவனெல்லாம் இதையே சொல்றான்," என்றார் கடைக்காரர்.

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டிக்கரில் 'டில்ட்' பளிச்சென்று நின்றது. பல்பு எரியும்போது பிடித்த போட்டோ அல்லவா, அந்த எழுத்து எப்படி மறையும்? ஆட்டாதவனையெல்லாம் ஆட்டியவன் என்று மெஷின் பழி சொல்லிக்கொண்டிருந்தது.

"கழட்டுங்க அத!" என்றேன்.

என் கண்ணாடியை மாட்டினோம். டிரைவருக்காக நானே காசு போட்டேன். எழுத்து இருந்த இடம் இருட்டு. கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"இப்ப ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டினேன். ஒன்றும் எரியவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். என் உடம்பு வாகு அப்படி, மெஷின் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. டிரைவர் சிரித்தார்.

"எழுத்தையே போட மறந்துட்டாரு போல," என்றார் கடைக்காரர். "பொண்ணும் அவனோடதுதான் அழகு."

வாரக்கணக்கான உழைப்பெல்லாம் கோபமாகி இடுப்புக்கு இறங்கியது. கொடுத்தேன் ஒரு இடி. பந்து செத்தது. இருட்டுக்குள்ளிருந்து 'டில்ட்' சிவப்பாக எழுந்து வந்தது.

"இது டில்ட்!" என்று டிரைவர் கை தட்டினார்.

கடைக்காரர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, உங்களுதே இருக்கட்டும். ஆனா அந்தக் கன்னத்த மட்டும் ஸ்டிக்கர்லேருந்து வெட்டி இதுமேல ஒட்டிக்கலாமா?"

 இடுப்பு வலித்தது. அவர் மேஜை டிராயரில் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்ததும், கண்ணாடிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டேன்.