ஜன்னல் இல்லாத பஸ்

பழைய சைக்கிள் டைனமோவை ஓடைத் தண்ணீரில் சுழலவிட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதல் மின்விளக்கை எரிய வைத்தவன் நான். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஸ்பீக்கர் கூடு செய்து கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போட்டவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் பதுளை டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவனும் நான்தான். அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். ஆடும் பஸ் சீட்டைச் செய்தவன் நான்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் என் கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார். மாலையில் அங்கே பஸ் ஓட்டும் கேம் நடக்கும். வாசலில் நின்று பார்ப்பேன். திரையில் வளைவு வந்தால் விளையாடுகிறவன் உடம்பு தானாகச் சாயும். மலை ரோட்டில் பஸ் ஏறி வளர்ந்த உடம்பு. பாவம், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, விரல் அழுத்துவதுதான் தெரியும்.

அதற்கும் தெரியட்டும் என்று இறங்கினேன். கழித்துப் போட்ட பஸ் சீட்டு ஒன்றை ஸ்பிரிங் மேல் நிறுத்தி, உடைந்த ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து அடியில் பூட்டினேன். ஆள் சாய்ந்த பக்கம் திரையில் பஸ் திரும்பியது. கேம் சத்தம் வரும் வயரை ஆம்ப்ளிஃபயர் வழியாக, சீட்டுக்கு அடியில் பூட்டிய லொறி வைப்பர் மோட்டாருக்குக் கொடுத்தேன். பஸ் பள்ளத்தில் விழுந்து சத்தம் தடித்தால் சீட்டு உதறும்.

டவுனில் கண்காட்சி வந்தது. சீட்டையும் வைப்போம் என்றேன். மாஸ்டர் தயங்கினார்.

"அண்ணை, ஆடுது, சரி. உண்மையான பஸ் மாதிரி எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆக்கள் சிரிப்பினம்."

"நம்ம வீட்டம்மாவ ஒக்கார வைப்போம், மாஸ்டர்."

"அவவுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமோ?"

"கம்ப்யூட்டர் தெரியாது. வாந்தி தெரியும்."

ஹல்துமுல்லையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறுகிறவள் என் மனைவி. அந்த வயிறு ஏமாந்தால் சீட்டு கண்காட்சிக்கு, ஏமாறாவிட்டால் பழைய இரும்புக்கு என்று பேசிக்கொண்டோம்.

சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்தப் பொட்டிக்கா பழம் கொண்டாரச் சொன்னீங்க?" என்று கேலி செய்தாள். முதல் வளைவில் சிரித்தாள். அடுத்ததில் கம்பியைப் பிடித்தாள். பள்ளத்தில் இறங்கிச் சீட்டு உதறியதும் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மறுகையால் பக்கத்துக் காற்றைத் தடவினாள்.

"ஏங்க, ஜன்னல் எங்கங்க?"

"அண்ணை, நிப்பாட்டுங்கோ, நான் வாளி எடுத்தாறன்" என்று மாஸ்டர் ஓடினார். வாளியோடு திரும்பியவர் சிரிப்புத் தாங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்காட்சியில் என் சீட்டுக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டியது. வெலிமடை பஸ் டிரைவர்கள்கூட ஏறிச் சாய்ந்தார்கள். ஆனால் மேலே தொங்கிய பலகையில் "எமது கணினி நிலையத்தின் தயாரிப்பு" என்று இருந்தது. மாஸ்டர் நல்ல மனிதர், எனக்கும் வீட்டம்மாவுக்கும் விருந்தே வைத்தார். பலகையை மட்டும் மாற்றவில்லை. இன்றும் அது அவருடைய வகுப்புச் சுவரில்தான் தொங்குகிறது.

கம்ப்யூட்டர் அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். சாய்ந்தால் திரும்பியதும் விழுந்தால் உதறியதும் என் கைவேலை. மாஸ்டர், அதைப் பலகையில் எழுதுங்கள். பெயிண்ட் நானே வாங்கித் தருகிறேன். ஜன்னல் கேட்டவள் என் மனைவி என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.