வெளியில் தொங்கிய ஆமைப்பூட்டு

சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் என்ன தேவை என்று அந்தக் கோடையில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் பதில் சொல்லியிருப்பேன். வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி, ரயில் அட்டை, மருத்துவர், வேலை. பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தேன். பரமட்டாவில் ஒரு சின்னத் தொண்டர் குழுவில் சேர்ந்து, வகுப்பில் கேட்டதை மறுநாளே யாரிடமாவது செய்து பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் ஆள் தமிழர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். நாற்பதைத் தாண்டியவர். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில், தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். அதற்காகச் சில வருடங்கள் உள்ளே இருந்தார். இதற்கிடையில் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னில் டார்னெய்ட் பக்கம் போய்விட்டார். தண்டனையின் கடைசிப் பகுதியை வெளியில் கழிக்கட்டும் என்று பரோலில் விட்டிருந்தார்கள். ஒத்துக்கொண்ட ஒரே விலாசத்தில் இருக்க வேண்டும். பரோல் அதிகாரி எந்த நேரமும் சொல்லாமல் வந்து பார்ப்பார். அந்த விலாசம் கையைவிட்டுப் போனால் திரும்ப உள்ளேதான்.

அந்த ஒரு விலாசத்துக்காக நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளைச் சொல்லி மாளாது. "ஓம் பிள்ளை, றூம் இருக்கு" என்று உற்சாகமாகத் தொடங்கும் குரல், ஆள் எங்கிருந்து வருகிறார் என்று நான் சொன்னதும் இருமத் தொடங்கிவிடும். கடைசியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஓர் அன்ரி கிடைத்தார். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். பின்வளவில் குளியலறையோடு ஒரு தனி அறை கட்டி வைத்திருந்தார். நான் வழக்கைச் சொல்லி முடிக்கும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"மச்சம் சாப்பிடுறவரோ?"

"தெரியாது அன்ரி. கேட்டுச் சொல்லுறன்."

"சாப்பிட்டா வெளியில சாப்பிட்டிட்டு வரட்டும். என்ர குசினிக்குள்ள ஒரு மீன் முள்ளும் வரக்கூடாது. வேற என்ன குறை ஆளிட்ட?"

"அதுதான் அன்ரி, காரால…"

"அது சொன்னனிதானே. வேற?"

வேறு ஒன்றும் இல்லை என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதல் கிழமையே ஒன்றைக் கவனித்தேன். தானாகத் திறக்கும் கதவுகளில் அவருக்குச் சிக்கல் இல்லை. மருத்துவரின் கதவு தானாகத் திறக்காத கதவு. நான் காரை நிறுத்திவிட்டு வரும்வரை அவர் அதன் முன்னால் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தையோடு வெளியே வந்தபோது மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, கதவு மூடிய பிறகு மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றார். "தள்ளுங்கோ அண்ணை" என்றேன் சிரித்துக்கொண்டு. "ஓ" என்றார். தள்ளவில்லை.

இன்னொன்று, ஸ்டேஷன் அறிவிப்பு. காற்று எங்கள் பக்கம் அடித்தால் அது பின்வளவுவரை வரும். சொற்கள் கரைந்துபோய், ஒலிபெருக்கியின் குரல் மட்டும் வேலிக்கு மேலால் மிதந்து வரும். என்னோடு கதைத்துக்கொண்டிருப்பவர் வசனத்தின் நடுவில் நிறுத்துவார். எழுந்து போய் அறை வாசலில், தலை எண்ண நிற்கும் கைதியைப்போல வெளியே பார்த்தபடி நிமிர்ந்து நிற்பார். குரல் ஓய்ந்ததும் வந்து உட்கார்ந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். தான் எழுந்து போனது அவருக்கே தெரிவதில்லை என்பது எனக்குப் பிடிபட நாளெடுத்தது. குசினி யன்னலால் இதைப் பார்த்த அன்ரி ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நிக்கேக்க என்னைத்தான் பாக்குது பிள்ளை. ஆனா என்னைப் பாக்கேல்லை."

அவருக்கு நித்திரை வரவில்லை. கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. "உள்ளுக்கு நல்ல நித்திரை தங்கச்சி" என்பார். ஒரு பின்னேரம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு நாள் சும்மா வேற எங்கையாவது போய்ப் படுத்தாக் காணும், வந்து கூட்டிக்கொண்டு போயிடுவினம், என்ன?" நானும் சேர்ந்து சிரித்தேன். கார் ஹரிஸ் பார்க்கைத் தாண்டும்போதுதான் அவர் பகிடி விடவில்லை என்பது உறைத்தது.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். தொலைபேசியில் மழைச் சத்தம் கேட்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். லவண்டர் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். நம்பமாட்டீர்கள், சில நாட்களில் ஆள் தெளிந்துவிட்டார். கண் வெளுத்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று என் முறையை விளக்கினேன். கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சோடி சப்பாத்துடன் போனேன். குளிர்சாதனக் களஞ்சியம் ஒன்றில் அவரை வேலைக்கு எடுக்கச் சம்மதித்திருந்தார்கள். விரல் பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து கட்டாயம். சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்த நினைத்தேன். வெயில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அன்ரியின் கார் இல்லை. வீட்டின் ஓரத்து நடைபாதையால் பின்வளவுக்குப் போனேன். அறைக் கதவில் புதிதாக ஒரு கொண்டி அடித்திருந்தது. கொண்டியில் ஓர் ஆமைப்பூட்டு. வெளிப்பக்கம்.

ஆள் எங்கோ போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தங்கச்சியோ? அன்ரி கோயிலுக்குப் போட்டா."

"அண்ணை! உள்ளுக்கே இருக்கிறியள்?"

"ஓம்."

"ஆர் பூட்டினது?"

"அன்ரி."

 மழை வருமா என்று கேட்டதற்கு ஓம் என்பதுபோலச் சொன்னார். நான் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன்.

யன்னல் திறந்திருந்தது. நுளம்பு வலையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு அகலத் திறந்துவைத்த யன்னல். கம்பி இல்லை. இடுப்பளவுதான் உயரம், நானே ஒரு காலைத் தூக்கிப்போட்டு உள்ளே இறங்கலாம். திரைச்சீலை வெளியே பறந்து வந்து என் கையைத் தொட்டது. உள்ளே அவர் கதிரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, யன்னல் திறந்துதானே கிடக்கு."

"ஓம். வெக்கையெல்லே. காத்து வேணும்." கதவைப் பார்த்தே சொன்னார்.

"இதால வெளியில வரலாம்."

"வரலாம்தான்."

அவர் திரும்பவே இல்லை. உள்ளே, வெயில் இருக்கும்போதே எல்லாரையும் பூட்டிவிடுவார்களாம். வரிசையாகக் கதவுகள் விழும் சத்தம் தூரத்தில் தொடங்கிக் கிட்ட வருமாம். தன் கதவும் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். "இஞ்ச நாள் முடியிறேல்லை தங்கச்சி. இருட்டினாலும் முடியிறேல்லை. எப்பவும் ஆரோ வரப்போகினம் மாதிரி. நானே எழும்பிப் போய் ஏதாவது செய்துபோடுவன் மாதிரி."

சப்பாத்தை யன்னலால் நீட்டினேன். தோளுக்கு மேலால் கையைப் பின்னால் நீட்டி, பார்க்காமலேயே வாங்கிக்கொண்டார்.

"போட்டுப் பாருங்கோவன், அளவு சரியோ எண்டு."

"நாளைக்கு. இண்டைக்கு முடிஞ்சுது."

அன்ரி நெற்றியில் திருநீறும் கையில் பிரசாதப் பையுமாக வந்து இறங்கியதும் கார்க் கதவருகிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ன அன்ரி இது? ஆளை அடைச்சு வைச்சிருக்கிறியள்!"

"ஏய், கத்தாதை. நான் என்ன ஜெயிலரோ? கொண்டியும் பூட்டும் தானே வாங்கி, தானே அடிச்சுப்போட்டு, திறப்பைக் கொண்டுவந்து தந்து கெஞ்சினவன். ஒரு நாளைக்கு எண்டுதான் பூட்டினனான். அண்டைக்குத்தான் பெடியன் நித்திரை கொண்டது. பிறகு எப்பிடி மாட்டன் எண்டுறது?"

"நெருப்புப் பிடிச்சா?"

"யன்னலால வருவான். மொக்கன் இல்லையே." பிரசாதப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "பிள்ளை, நான் பயப்பிடுறது உதுக்கில்லை. பூட்டினதும் உள்ளுக்கிருந்து 'தாங்க் யூ மிஸ்' எண்டுறான். அன்ரி எண்டு சொல்லுறேல்லை. 'மிஸ்'. எனக்கு முதுகு குளிருது. பூட்டினது நான்தானோ எண்டு என்ர கையைத் திருப்பிப் பாக்கிறனான்."

என் லவண்டர் எண்ணெய் குளியலறையில் மூடி திறக்காமல் இருந்ததாகவும் போகிறபோக்கில் சொன்னார்.

அதிகாரியிடம் சொல்லலாமா? சொன்னால் விலாசம் போய்விடும், ஆளும் போய்விடுவார். சொல்லாவிட்டால், அதிகாரி என்றைக்கோ வந்து அந்தப் பூட்டைக் காணும்போது இரண்டும் சேர்ந்து போகும். அவருக்கும் இது தெரியும். "வந்து பாத்தா கொண்டு போவினம்" என்றார், பஸ் வரும் என்பதுபோல. எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. எனக்கு எப்போதும் உடனே உதிக்கும். பூட்டும் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்துகொடுத்தால் பூட்டே தேவையில்லை அல்லவா? அன்ரியைப் பூட்டவைத்துப் பதிந்தேன். கொண்டி விழும் ஓசை, 'கிளிக்', விலகிப் போகும் செருப்புச் சத்தம் எல்லாம் துல்லியமாக வந்திருந்தன. மறுநாள் போட்டுக் காட்டினேன். தலையைச் சரித்து மிகக் கவனமாகக் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார்.

"உதில பூட்டுப்படுறது வேற ஆரோ" என்றார்.

நான் அந்தப் பதிவை அழித்துவிட்டேன். வீட்டில் தனியாக இருந்து ஒருமுறை கேட்டுப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதிகாரி வந்த அன்று நான் அன்ரியின் குசினியில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்ரி அப்போதுதான் பின்னால் போய்ப் பூட்டிவிட்டு வந்து, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவினார். வாசல் மணி அடித்தது. உயரமான, சாந்தமான ஒரு பெண். அடையாள அட்டையைக் காட்டி, அவரைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"மேடம், சிட், சிட்! டீ? ஹொட் வடை?" அன்ரியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வேண்டாம், நன்றி, நேரே பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. நான் வழிகாட்டுகிறவளைப்போல முன்னால் ஓடி, முகம் நிறையச் சிரிப்போடு, யாரையோ வரவேற்கிற ராகத்தில் உரக்கச் சொன்னேன்: "அண்ணை! ஒபிசர் வந்திருக்கிறா! யன்னலால கெதியா வாங்கோ அண்ணை!"

 நடைபாதை அவ்வளவு நீளமாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவர் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கலாம். அவர் செய்ய வேண்டியதெல்லாம் எழும்பாமல் இருப்பது மட்டும்தான். நாளைக்கே அவருடைய கதவுகள் வரிசையாக விழும், நித்திரை வரும்.

மூலையைத் திரும்பினோம். பூட்டிய கதவு, பூட்டு, வெயில். கொடியில் அன்ரியின் சேலைகள் அசையாமல் தொங்கின. அதிகாரி நின்றார். பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அறைக்குள்ளே இருக்கிறாரா என்று கேட்டார். 

ஒரு சேலை விலகியது. அதன் பின்னாலிருந்து அண்ணை வந்தார். வெறுங்கால். முழங்காலுக்குக் கீழே யன்னல் நிலை சிராய்த்த இடத்தில் இரத்தம் கோடாக இறங்கியிருந்தது. வெளியில் நின்றதால் பூட்டியிருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னார். திறந்து காட்ட முடியுமா என்று அதிகாரி கேட்டார். அவர் எங்கள் பின்னால் வந்து நின்ற அன்ரியிடம் உள்ளங்கையை நீட்டினார். அன்ரி திறப்பை வைத்தார்.

திறப்போடு கதவின் முன்னால் போய் நின்றார். கைகள் தொங்கின. எனக்கு அந்த நிலை தெரியும். அப்படியே நிற்பார், யாராவது திறக்கும்வரை நிற்பார். அன்ரியின் உதடுகள் ஏதோ தேவாரத்தை முணுமுணுத்தன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அண்ணையின் கை மெல்ல எழுந்தது. திறப்பு பூட்டில் உரசித் தவறியது, மறுபடி தவறியது, பிறகு ஏறியது. பூட்டைக் கழற்றினார். கொண்டியை எடுத்தார். கதவைத் தள்ளினார்.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். விரித்த கட்டில், சப்பாத்து, கதிரை. வேலை எப்போது தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காலுக்கு மருந்து போடச் சொல்லிவிட்டுப் போனார்.

கார்ச் சத்தம் மறைந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "வரமாட்டியளெண்டு நினைச்சன். ஏன் வந்தனீங்கள்?"

"பூட்டினது ஆரெண்டு கேட்பினம். அன்ரியை ஏசுவினம்."

சொல்லிவிட்டு, பூட்டையும் திறப்பையும் அன்ரியிடம் நீட்டினார். வேலிமேல் இன்னும் வெயில் இருந்தது. அன்ரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலாது தம்பி. இனி நான் உதைத் தொடன். வேணுமெண்டா நீ உள்ளுக்கிருந்து பூட்டு."

"அது வேற, அன்ரி."

"வேறையாவே இருக்கட்டும்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு வரவேண்டிய சத்தம் வரவில்லை. நாங்கள் அது வராததைக் கேட்டுக்கொண்டு நின்றோம். போகலாம் என்று அன்ரி சைகை காட்டினார். அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஆளுக்கொரு புறமாக நிற்கிறோம் என்பதே, உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் தெரிந்தது.

"ரெண்டு பேரும் போங்கோவன். நீங்கள் நிக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டு நான் படுத்திடுவன்."

அன்ரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பரோல் முடியும்வரை அவர் அந்த விலாசத்தில்தான் இருந்தார், களஞ்சிய வேலைக்கும் போனார். ஆனால் அந்த மாதங்களைவிட மறுநாள் காலைதான் எனக்கு நினைவில் நிற்கிறது. அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டார். கிசுகிசுத்தார்.

"அறைக் கதவைத் தானே திறந்துகொண்டு தேத்தண்ணிக்கு வந்தவன். இப்ப குசினி வாசல்ல நிக்கிறான்."

"நித்திரை கொண்டவரோ?"

"கண்ணைப் பாத்தா இல்லை. குசினிக் கதவு விரியத் திறந்து கிடக்குப் பிள்ளை. நான் வா எண்டு சொல்லவேணும் போல நிக்கிறான். சொல்லட்டோ?"

"சொல்லாதேங்கோ அன்ரி."

கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது. அன்ரியின் மூச்சு என் காதுக்குள் கேட்டது. நானும் என் அறையில் அசையாமல் நின்றேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு கதிரை ஒன்று தரையில் இழுபட்டது.

"இருந்திட்டான்" என்றார் அன்ரி.